ஆரோக்கியமானவர்களின் இதயத் தசை அசைவை எம்.ஆர்.ஐ. கொண்டு அளப்பது எப்படி?

இதயம் ஒருமுறை துடிக்கும்போது அதன் இடது வெண்ட்ரிக்கிளின் (ரத்தத்தை உடலுக்குத் தள்ளும் கீழறையின்) சுவர் நீளவாக்கில் குறுகுகிறது, சுற்றளவில் இறுகுகிறது, தடிமனில் பருக்கிறது. சுவரின் உட்பக்கத் தசைநார்கள் ஒரு சாய்விலும் வெளிப்பக்கத் தசைநார்கள் ஏறத்தாழ அதற்கு எதிர்ச்சாய்விலும் ஓடுவதால், ஈர வேட்டியைப் பிழியும்போது இரண்டு கைகளும் எதிரெதிராகத் திரும்புவது போல, வால்வுப் பக்கம் ஒரு திசையிலும் நுனிப் பக்கம் மறு திசையிலும் திரும்புகின்றன. இவ்வளவும் ஏறத்தாழ மூன்றில் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடுகின்றன. இந்த அசைவுகளை ஊசியோ கதிரியக்கமோ இல்லாமல் எண்களாக்கித் தரக்கூடியது என்பதுதான் எம்.ஆர்.ஐ.யின் பெருமை.

ஆனால் தொடங்கும் முன்பே ஒரு சிக்கலைப் புரிந்துகொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ. கருவி வெட்டிப் பார்க்கும் தளம் அறைக்குள் ஓரிடத்தில் நிலையாக நிற்கிறது. இதயமோ அந்தத் தளத்தின் ஊடாக வந்து போகிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு மைட்ரல் வால்வின் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வின்) வளையம் ஒவ்வொரு சுருக்கத்திலும் நுனியை நோக்கி 12 முதல் 15 மி.மீ. வரை இறங்கும். நாம் எடுக்கும் தளத்தின் தடிமன் 8 மி.மீ. மட்டுமே என்பதால், வால்வுக்கு அருகிலுள்ள தளத்தில் சுருக்கத்தின் தொடக்கத்தில் தெரிந்த தசை வேறு, முடிவில் தெரியும் தசை வேறு. சுவர் தடித்ததாகக் கண்ணுக்குத் தெரிவதில் ஒரு பங்கு உண்மையான தடிப்பு. மறு பங்கு, வேறொரு தசைத் துண்டு அந்த இடத்துக்கு வந்து நிற்பதால் உண்டாகும் தோற்றம். மூச்சு, இ.சி.ஜி., மென்பொருள் ஆகிய ஒவ்வொன்றும் இதே போன்ற ஒரு போலி அசைவைத் தன் பங்குக்குச் சேர்க்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படிக்கும் ஒரே நோக்கம்தான்: கடைசியில் கையில் வரும் எண் தசையினுடையதாக இருக்க வேண்டும்.

புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் உள்ள மருத்துவக் கல்லூரிகளில் கதிரியல், இதயவியல், மருத்துவ இயற்பியல் படிக்கும் முதுநிலை மாணவர்களையும் ஸ்கேன் அறையில் பணிபுரியும் டெக்னீஷியன்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. நோயாளிகளின் வரிசை முடிந்த பிறகு மாலையில் கிடைக்கும் நேரத்தில்தான் இங்கே பெரும்பாலும் ஆய்வு ஸ்கேன்கள் நடக்க முடியும். அந்தக் கிடைத்த நேரத்தை வீணாக்காமல் இருப்பதும் முறையின் ஒரு பகுதியே.

யாரைச் சேர்ப்பது

முதலில் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் மருத்துவக் கல்லூரியானாலும் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியானாலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களே அடிப்படை. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். அது ஆங்கிலப் படிவத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததாக இல்லாமல், பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் தானே படித்துப் புரிந்துகொள்ளும் நடையில் இருக்க வேண்டும். படத்தைத் தெளிவாக்க ஊசியில் ஏற்றும் கடோலினியம் போன்ற மருந்து ஏதும் செலுத்தப்படாது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், ஏனென்றால் தன்னார்வலர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஊசியைப் பற்றியதாகவே இருக்கும்.

"எனக்கு ஒன்றுமில்லை" என்று ஒருவர் சொல்வது ஆரோக்கியத்துக்குச் சான்றாகாது. உயர் ரத்த அழுத்தம் இருப்பதே தெரியாமல் வாழ்பவர்கள் நம்மிடையே ஏராளம். ரத்த அழுத்தம் கூடினால் இதயம் தள்ள வேண்டிய சுமை கூடி, தசையின் சுருக்கமும் மாறிவிடும். எனவே உட்கார்ந்து சற்று ஓய்வெடுத்த பின் ரத்த அழுத்தம் அளக்கவும், 12 தட இ.சி.ஜி. எடுக்கவும், நீரிழிவு, புகைப்பழக்கம், நெஞ்சுவலி, மயக்கம், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் ஆகியவற்றைக் கேட்டுப் பதியவும். தொடர்ந்து கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்களைப் பொதுக் குழுவோடு கலக்காமல் தனிக் குழுவாக வைப்பது நல்லது. வயதையும் பாலினத்தையும் சமமாகப் பங்கிட்டுச் சேர்க்க வேண்டும். பெண்களின் தசைச் சுருக்கம் ஆண்களுடையதைவிடச் சற்றுக் கூடுதலாகப் பதிவாகும். வயது ஏற ஏற விரிவுநிலையின் (இதயம் தளர்ந்து ரத்தம் நிரம்பும் கட்டத்தின்) தொடக்க வேகம் குறைந்து, முன்பு சொன்ன எதிரெதிர்த் திருப்பத்தின் அளவான முறுக்கம் கூடும். கல்லூரி மாணவர்களை மட்டும் அழைத்து எடுத்த அளவுகளை "ஆரோக்கியமான பெரியவர்களின் அளவு" என்று வெளியிடுவது இதனால்தான் சரியாகாது.

கருவி அறைக்குள் செல்லும் முன்

பாதுகாப்புப் படிவத்தில் உள்ள பேஸ்மேக்கர், மூளை ரத்தநாளக் கிளிப், செவி உட்பொருத்திகள் பற்றிய கேள்விகள் எல்லா இடங்களிலும் கேட்கப்படுபவையே. நம் ஊருக்கென்று சில கேள்விகளைச் சேர்த்துக் கொள்ள வேண்டும். கடலூர் சிப்காட் பகுதியிலும் துறைமுகப் பட்டறைகளிலும் வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர்களிடம் கண்ணில் இரும்புத் துகள் விழுந்ததுண்டா, அதை எடுக்க மருத்துவரிடம் போனதுண்டா என்று தனியாகக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் நோயாளிக்குக் கண்குழி எக்ஸ்ரே எடுப்பார்கள். ஆய்வுக்காக வந்த நலமானவருக்கு அந்தக் கதிர்வீச்சைக் கொடுப்பதைவிட அவரை நன்றி சொல்லி அனுப்பிவிடுவதே நேர்மை என்பது என் கருத்து.

அரைஞாணில் கோத்த வெள்ளி, கழுத்திலோ கையிலோ கட்டிய தாயத்து, மெட்டி, கொலுசு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாயத்துக் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது கட்டியிருப்பவருக்கே தெரியாது. ஆகவே அதில் விவாதத்துக்கே இடமில்லை. தாலிச் சங்கிலி விஷயத்தில் பக்குவம் தேவை. தங்கம் காந்தத்தால் இழுக்கப்படாது என்றாலும், நெஞ்சின் மேல் வளையமாகக் கிடக்கும் உலோகம் ரேடியோ அலையால் சூடாகலாம், படத்தையும் கெடுக்கும். அறை வாசலில் நிறுத்தி இதைச் சொன்னால் சங்கடம்தான் மிஞ்சும். முந்தைய நாளே தொலைபேசியில், "அம்மா, நாளைக்கு சங்கிலியைக் கழற்ற வேண்டியிருக்கும், மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தால் போதும்" என்று சொல்லிவிட்டால், யாரும் மறுப்பதில்லை. கயிற்றிலும் உலோகக் குண்டு ஏதும் இல்லாமல் மஞ்சள் துண்டு மட்டும் இருக்கட்டும்.

ஸ்கேனுக்கு முன் சில மணி நேரம் காபி, டீ வேண்டாம் என்றும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உயரம், எடை, ஸ்கேனுக்குச் சற்று முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பைக்கில் வெயிலில் வந்தவரை உடனே மேசையில் படுக்க வைத்தால் நாடித்துடிப்பு இறங்கிக்கொண்டே இருக்கும் நேரத்தில் படம் எடுக்க நேரும்; குறைந்தது 10 நிமிடமாவது உட்கார வையுங்கள்.

இ.சி.ஜி.: பாதி வெற்றி இங்கேதான்

இதய எம்.ஆர்.ஐ. படம் ஒரே துடிப்பில் எடுக்கப்படுவதில்லை. பல துடிப்புகளிலிருந்து துண்டுதுண்டாகச் சேகரித்த தரவைக் கொண்டு ஒரு துடிப்பின் படமாகக் கோப்பதே வழக்கம். எந்தத் துண்டு எந்த நேரத்துக்குரியது என்று சொல்வது இ.சி.ஜி.யின் ஆர்-அலை, அதாவது சுருக்கம் தொடங்கும்போது எழும் கூர்மையான அலை. அது தவறினால் அடுத்து வரும் எல்லாம் தவறும்.

புதுச்சேரிக் கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில், அதிலும் மே மாதத்தில், நெஞ்சுத் தோல் வியர்வையோடும் பவுடரோடும் இருக்கும். காய்ந்த துணியால் துடைத்து, முடி இருந்தால் மழித்து, காஸ் துணியாலோ அதற்கென உள்ள பசையாலோ மெதுவாகத் தேய்த்துவிட்டு, எம்.ஆர்.ஐ.க்கு உகந்த எலெக்ட்ரோடுகளை மட்டும் ஒட்ட வேண்டும். உறை பிரித்து வைத்துக் காய்ந்துபோன எலெக்ட்ரோடுகளைக் குப்பையில் போடுங்கள். ஒயர்களைச் சுருட்டி வளையமாக விடக் கூடாது, தோலில் நேரடியாகப் படவும் கூடாது. தன்னார்வலரின் கைகள் ஒன்றையொன்று தொடாமலும், தொடைகளுக்கிடையே துணி வைத்தும் படுக்க வைக்க வேண்டும். தோலோடு தோல் தொட்டால் உடம்பே ஒரு மின்வளையமாகி, தொட்ட இடத்தில் சூட்டுக்காயம் உண்டாகலாம்.

மேசை உள்ளே போகும்போது திரையில் ஓடும் இ.சி.ஜி.யைக் கவனித்துப் பாருங்கள். ஆர்-அலைக்குப் பின் வரும், வெளியே அடக்கமாக இருந்த டி-அலை காந்தத்துக்குள் போகப் போக உயர்ந்து, சில நேரம் ஆர்-அலையையே எட்டிவிடும். ரத்தம் மின்கடத்தி, அது பெருந்தமனியில் வேகமாகப் பாயும்போது காந்தப்புலத்தில் உண்டாகும் மின்னழுத்தம் இ.சி.ஜி.யோடு சேர்ந்துகொள்வதே காரணம். 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) கருவியில் இது 1.5 டெஸ்லாவைவிட அதிகம். கருவி டி-அலையை ஆர்-அலை என்று எடுத்துக்கொண்டால் துடிப்பின் எண்ணிக்கை இரட்டிப்பாகத் தெரியும். மூன்று திசைகளிலும் மின்னழுத்தத்தைப் பார்க்கும் வெக்டர் இ.சி.ஜி. இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அப்போதும் தவறினால் எலெக்ட்ரோடுகளை இடம் மாற்றி ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் செலவழிப்பது, கெட்டுப்போன தரவோடு வீட்டுக்குப் போவதைவிட மேல். விரலில் மாட்டும் நாடி உணரியைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: நாடி அலை விரலுக்கு வந்து சேர நேரம் பிடிப்பதால் அங்கே சுருக்கத்தின் தொடக்கம் கிடைக்காது.

மூச்சு

சாதாரண மூச்சிலேயே உதரவிதானம் 1 முதல் 2 செ.மீ. வரை நகரும், அதன் மேல் அமர்ந்திருக்கும் இதயமும் கூடவே நகரும். நாம் அளக்க நினைக்கும் அசைவோ அதே அளவினது, அல்லது அதைவிடச் சிறியது. ஆகவே மூச்சை நிறுத்தியே எடுக்க வேண்டும், அதுவும் மூச்சை வெளியே விட்ட நிலையில். மூச்சை இழுத்து நிறுத்துவது எளிதுதான்; ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இழுப்பது யாராலும் இயலாது. விட்ட நிலையில் உதரவிதானம் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்து சேரும்.

அறைக்கு வெளியிலேயே பயிற்சி கொடுங்கள். "மூச்ச இழுங்க… மெதுவா விடுங்க… இப்ப அப்படியே நிறுத்துங்க" என்று சொன்னதும் பலர் நிறுத்துவதற்கு முன் அவசரமாகச் சிறிது மூச்சை உள்ளே எடுத்துக்கொள்வார்கள். வயிற்றின் மேல் உங்கள் கையை வைத்துப் பார்த்தால் அந்தச் சிறிய எழும்பல் தெரியும். "விட்டதும் மறுபடி இழுக்காதீங்க" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதே சொற்களை, அதே வேகத்தில், ஸ்பீக்கரிலும் சொல்ல வேண்டும். கருவியில் ஏற்கெனவே பதிந்து வைத்த ஆங்கில அல்லது இந்திக் குரலை ஓடவிட்டுவிட்டு, தன்னார்வலர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதுவது நியாயமாகாது.

எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கு சொல்லிவிடும். ஒரு படத்துக்கு 144 தரவு வரிகள் தேவை, ஒரு துடிப்பில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (துடிப்பின் ஒரு கணத்துக்கான படத்துக்கும்) 12 வரிகள் எடுக்கிறோம், ஒரு வரிக்கு 3 மில்லி வினாடி ஆகிறது என்று கொள்வோம். அப்படியானால் 12 துடிப்புகள் வேண்டும். நிமிடத்துக்கு 75 துடிப்பு உள்ளவருக்கு அது 9.6 வினாடி. ஒரு ஃபிரேமின் நேரம் 12 × 3 = 36 மில்லி வினாடி. அவரால் அவ்வளவு நேரம் நிறுத்த முடியவில்லை என்று 12-ஐ 18 ஆக்கினால் 8 துடிப்பில் முடிந்துவிடும், ஆனால் ஃபிரேம் நேரம் 54 மில்லி வினாடியாக நீண்டுவிடும். சுருக்கம் முடிந்து வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும் தளர்வு நேரம் 100 மில்லி வினாடிக்கும் குறைவானது. முறுக்கம் பிரிவதில் பெரும்பகுதி அப்போதுதான் நடக்கிறது. 54 மில்லி வினாடி ஃபிரேமில் அந்த நிகழ்வு ஒன்றிரண்டு படங்களுக்குள் கரைந்துபோகும். கன்சோலில் "30 ஃபிரேம்" என்று காட்டுவதை நம்பி ஏமாறவும் வேண்டாம். கருவி இடைப்பட்ட ஃபிரேம்களைக் கணக்கிட்டு நிரப்பித் தரும். உண்மையான நேரப் பிரிதிறன் மேலே சொன்ன பெருக்கலில் வருவதுதான். அறிக்கையில் அதையே எழுத வேண்டும்.

தளங்களை அமைப்பதும் சினி எடுப்பதும்

முதலில் இதயத்தின் நீள அச்சைக் கண்டுபிடித்து, இரண்டு அறை, மூன்று அறை, நான்கு அறைத் தோற்றங்களை எடுங்கள். பிறகு அந்த அச்சுக்குச் செங்குத்தாகக் குறுக்குத் தளங்களை வையுங்கள். குறுக்குத் தளம் சாய்ந்துவிட்டால் வட்டமாக இருக்க வேண்டிய சுவர் நீள்வட்டமாகத் தெரியும், ஒரு பக்கச் சுவர் மட்டும் தடிப்பாகத் தோன்றும்.

மூன்று குறுக்குத் தளங்களை எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும். அதைத் தவிர்க்க ஒரு நல்ல வழி உண்டு. நான்கு அறைத் தோற்றத்தில் சுருக்கம் முடிந்த ஃபிரேமை நிறுத்தி, மைட்ரல் வால்விலிருந்து நுனி வரை சம இடைவெளியில் ஐந்து தளங்களை விரியுங்கள். முதல் தளம் வால்விலும் ஐந்தாவது நுனியிலும் இருக்கட்டும். ஓரத்திலுள்ள இரண்டையும் நீக்கிவிட்டு நடுவிலுள்ள மூன்றை மட்டும் எடுங்கள். சுருக்கம் முடிந்த நிலையில், அதாவது வால்வு மிகக் கீழே இறங்கிவிட்ட நிலையில் அமைப்பதால், துடிப்பின் எந்தக் கணத்திலும் வால்வு தளத்துக்குள் வந்து குறுக்கிடாது. அமெரிக்க இதயச் சங்கம் 2002-இல் வகுத்த 17 கூறு மாதிரியில் வால்வுப் பக்கம் 6, நடுவில் 6, நுனிப்பக்கம் 4 ஆகிய 16 கூறுகள் இந்த மூன்று தளங்களில் கிடைத்துவிடும். பதினேழாவதான நுனி முனை நீளத் தளங்களில் மட்டுமே தெரியும்.

சினிக்கு, அதாவது துடிப்பை ஓடும் படமாகக் காட்டுவதற்கு, சமநிலை எஸ்.எஸ்.எஃப்.பி. என்ற படமெடுக்கும் வரிசையே பொருத்தம்: தளத் தடிமன் 8 மி.மீ., பிக்சல் 2 மி.மீ.க்குள், நேரப் பிரிதிறன் 45 மில்லி வினாடிக்குள். இ.சி.ஜி.யைப் பின்னோக்கிப் பொருத்தும் முறையில் எடுத்தால் துடிப்பு முழுவதும் கிடைக்கும். முன்னோக்கித் தூண்டும் முறையில் விரிவுநிலையின் கடைசிப் பகுதி விடுபட்டுப் போகும். 3 டெஸ்லாவில் இதயத்தின் குறுக்கே கருப்புப் பட்டை விழுந்தால், இதயத்தை மட்டும் உள்ளடக்கிய சிறு பெட்டியில் ஷிம் செய்து (காந்தப்புலத்தைச் சீராக்கி), அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கும் முன்னோட்டம் ஒன்றை ஓட்டி, பட்டை இதயத்தைவிட்டு விலகும் மதிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தசையிலேயே கோடு போடுதல்

சாதாரண சினியில் சுவரின் உள்வரம்பும் வெளிவரம்பும்தான் தெரியும். சுவருக்குள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அங்கே எந்தப் புள்ளி எங்கே போனது என்று கேட்டால் பதில் கிடைக்காது. 1988-இல் எலியாஸ் ஸெர்ஹூனியும் உடன் பணியாற்றியவர்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆர்-அலை வந்தவுடன், தசையின் காந்தத்தன்மையைக் குறிப்பிட்ட கோடுகளில் மட்டும் ரேடியோ அலையால் அழித்துவிடுவது. அந்தக் கோடுகள் படத்தில் கருப்பாகத் தெரியும், தசை போகுமிடமெல்லாம் கூடவே போகும். அடுத்த ஆண்டே லியான் ஆக்செலும் லாரன்ஸ் டோகர்ட்டியும் இணைகோடுகளை மொத்தமாக, மிக விரைவாகப் போடும் ஸ்பாம் முறையை வெளியிட்டார்கள். இதற்கு டேகிங் என்று பெயர். கோடு தசையின் மேல் இருப்பதால், தொடக்கத்தில் சொன்ன "தளமா, தசையா" என்ற சிக்கல் தளத்துக்குள் நடக்கும் அசைவைப் பொறுத்தவரை தீர்ந்துவிடுகிறது. தளத்துக்குக் குறுக்கே நடக்கும் நகர்வு மட்டும் மிச்சமிருக்கிறது. அதற்குத் தசையைப் பின்தொடர்ந்து செல்லும் தளமுறை உண்டு, அந்த வசதி இல்லாத கருவியில் நீளத் தளத்திலும் தனியாக டேகிங் எடுத்து ஈடு செய்யலாம்.

கோடுகளின் இடைவெளி 6 முதல் 8 மி.மீ. வரை இருக்கலாம். ஆரோக்கியமானவரின் சுவர் விரிந்த நிலையில் 6 முதல் 10 மி.மீ. தடிமனே உள்ளது என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்: சுவரின் குறுக்கே ஒன்று அல்லது இரண்டு கோடுகள்தாம் விழும். சுற்றளவுத் திசையில் கோடுகள் நிறைய இருப்பதால் அந்த அளவு நம்பகமாக வரும். தடிமன் திசையில் வராது. டேகிங்கில் கிடைத்த தடிப்பு எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கோடுகள் நிலைத்திருப்பதும் இல்லை. தசையின் டி1 நேரம் (அழிந்த காந்தத்தன்மை எவ்வளவு விரைவில் மீளும் என்பதன் அளவு) 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 1000 மில்லி வினாடி. அதோடு படமெடுக்கும் ரேடியோ அலைகளும் சேர்ந்து அழிப்பதால் சுருக்கம் முடிவதற்குள் கோடுகள் மங்கத் தொடங்கி, விரிவுநிலையின் பிற்பகுதியில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். 3 டெஸ்லாவில் டி1 நீளமாக இருப்பதால் இன்னும் சிறிது நேரம் தாங்கும். ஸ்பாமின் மேம்பட்ட வடிவமான சி-ஸ்பாம் முறையில் எதிரெதிரான இரண்டு கோட்டுப் படங்களை எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மங்கல் குறையும், ஆனால் நேரம் இரட்டிப்பாகும், இரண்டு தடவையும் மூச்சு ஒரே இடத்தில் நிற்காவிட்டால் கழித்தலே பொய்த்துவிடும்.

கோடுகளைப் பின்தொடர, நேல் ஒஸ்மானும் ஜெர்ரி பிரின்ஸும் 1999-இல் முன்வைத்த ஹார்ப் முறை பரவலாகப் பயன்படுகிறது. கோடுகளின் அலைக் கட்டத்தைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு பிக்சலும் அடுத்த ஃபிரேமில் எங்கே போனது என்று அது தேடும். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே தசை கோட்டு இடைவெளியில் பாதிக்கு மேல் நகர்ந்துவிட்டால், பக்கத்துக் கோட்டைத் தன் கோடு என்று எடுத்துக்கொள்ளும். 7 மி.மீ. இடைவெளியும் 35 மில்லி வினாடி ஃபிரேமும் என்றால் எல்லை 3.5 மி.மீ., அதாவது வினாடிக்கு 10 செ.மீ. வேகம். இளவயதினரின் வால்வுப் பக்கத் தசை விரிவுநிலைத் தொடக்கத்தில் நீளவாக்கில் இந்த வேகத்தைத் தாண்டக்கூடியது. எனவே நீளத் தளத்தில் விரிவுநிலை வளைவு திடீரென்று குதித்தால், அதை வினோதமான உடலியல் நிகழ்வு என்று கொண்டாடாமல் முதலில் கோடு தாவியிருக்கிறதா என்று பாருங்கள்.

வேறு வழிகளும் உண்டு. டென்ஸ் முறை இடப்பெயர்ச்சியை ஒவ்வொரு பிக்சலின் கட்டக் கோணத்திலேயே எழுதிவிடுவதால் சுவருக்குள் நுட்பமாகப் பார்க்க முடியும்; எல்லாக் கருவிகளிலும் கிடைக்காது. கட்ட வேறுபாட்டு முறை நேரடியாக வேகத்தைத் தரும்: ரத்த ஓட்டத்துக்கு வைக்கும் வினாடிக்கு 150 செ.மீ. என்ற வேக எல்லையை விட்டுவிட்டு, தசைக்கு வினாடிக்கு 15 முதல் 30 செ.மீ. எல்லை வைக்க வேண்டும். அறைக்குள் ஓடும் ரத்தத்தின் வேகம் அந்த எல்லையை வெகுவாகத் தாண்டுவதால் அதன் குறிகையை முன்னதாகவே அணைத்துவிட வேண்டும், இல்லையேல் சுவரின் மேல் போலி நிழல் படிமங்கள் விழும். நெஞ்சுச் சுவர் போன்ற அசையாத திசுவில் வேகம் பூஜ்யமாக வருகிறதா என்று பார்ப்பது இந்த முறையில் கட்டாயம்.

மிகவும் மலிவான வழி, சாதாரண சினியின் வரம்புகளை மென்பொருள் பின்தொடரும் ஃபீச்சர் டிராக்கிங். கூடுதல் ஸ்கேன் நேரம் வேண்டியதில்லை. இதயம் முழுமைக்குமான சுற்றளவுத் திரிபும் நீளவாட்டுத் திரிபும் (திரிபு என்பது தசையின் நீளம் எத்தனை பங்கு மாறியது என்பதன் அளவு) இதில் நன்றாக வரும். கூறுவாரியான எண்களும் தடிப்புத் திரிபும் ஆளுக்கு ஆள், மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். புதிதாகத் தொடங்குபவர் முழு சினி, அதில் ஃபீச்சர் டிராக்கிங், அதோடு மூன்று குறுக்குத் தளங்களில் டேகிங் என்று வைத்துக்கொண்டால் போதும். இளநிலைக் குழு ஒன்று எல்லா முறைகளையும் ஒரே மாலையில் எடுக்க முயன்றால், தன்னார்வலர் களைத்து மூச்சு நிறுத்தம் தளர்வதுதான் முதலில் நடக்கும்.

கணக்கு

வரம்பு வரையும்போது வால்வு இதழ்களோடு இணையும் பாப்பில்லரி தசைகளையும் உள்ளிருக்கும் தசைப் பின்னல்களையும் சுவரோடு சேர்க்காமல் விடுங்கள். ஒருமுறை முடிவெடுத்தால் எல்லோருக்கும் அதே விதி. மென்பொருள் பின்தொடர்ந்த வரம்பைச் சினியாக ஓடவிட்டு, சுவரோடு ஒட்டிப் போகிறதா என்று கண்ணால் பார்க்காமல் எண்ணை எடுக்கக் கூடாது.

திரிபு என்பது நீள மாற்றத்தைத் தொடக்க நீளத்தால் வகுத்தது. விரிந்த நிலையில் 7 மி.மீ. இடைவெளியில் இருந்த இரண்டு புள்ளிகள் சுருக்கம் முடிகையில் 5.6 மி.மீ. இடைவெளிக்கு வந்தால் திரிபு −1.4 ÷ 7, அதாவது −20 சதவீதம். இதே அசைவைக் கிரீன் வரையறைப்படி கணக்கிட்டால், நீள விகிதம் 0.8-இன் வர்க்கமான 0.64-இலிருந்து 1-ஐக் கழித்துப் பாதியாக்க −18 சதவீதம் வரும். மாற்றத்தை முடிவு நீளத்தால் வகுத்தால் −25 சதவீதம். தசை ஒன்றுதான், அசைவும் ஒன்றுதான். எந்த வரையறை என்று குறிப்பிடாத எண்ணை இன்னோர் ஆய்வின் எண்ணோடு ஒப்பிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆறு கூறுகளின் உச்சங்களைத் தனித்தனியே எடுத்துச் சராசரி காண்பதும், ஆறு வளைவுகளையும் முதலில் சராசரியாக்கிப் பிறகு உச்சம் எடுப்பதும் ஒரே விடையைத் தராது. கூறுகள் சற்று முன்பின்னாகவே உச்சத்தை எட்டும் என்பதால் முதல் வழி எப்போதும் பெரிய எண்ணையே தரும். இரண்டாவது வழியை எடுத்துக்கொள்வது நல்லது. சுருக்கத்தின் முடிவை, மூன்று அறைத் தோற்றத்தில் பெருந்தமனி வால்வு மூடும் ஃபிரேமைக் கண்ணால் கண்டு குறித்துக்கொள்ள வேண்டும்.

முறுக்கத்துக்கு வால்வுப் பக்கத் தளத்தின் சுழற்சியும் நுனிப் பக்கத் தளத்தின் சுழற்சியும் வேண்டும். நுனியிலிருந்து பார்க்கையில் நுனிப்பக்கம் இடஞ்சுழியாகவும் வால்வுப் பக்கம் வலஞ்சுழியாகவும் திரும்பும். இரண்டின் வேறுபாடு முறுக்கக் கோணம். இரு தளங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறிக்காமல் கோணத்தை மட்டும் எழுதுவது அரைகுறை வேலை. 40 மி.மீ. தூரத்தில் 12 பாகை என்றால் செ.மீ.க்கு 3 பாகை. பெரிய இதயத்தையும் சிறிய இதயத்தையும் ஒப்பிட இதுவே உதவும்.

ஆரோக்கியமானவர்களிடம் சுற்றளவுத் திரிபும் நீளவாட்டுத் திரிபும் −20 சதவீதத்தை ஒட்டியும், முறுக்கம் பெரும்பாலும் 10 முதல் 15 பாகைக்குள்ளும் இருக்கும். உங்கள் எண் இவற்றிலிருந்து வெகுதூரம் விலகினால் முதலில் இ.சி.ஜி. பதிவைத் திறந்து பாருங்கள்.

எண்ணைச் சோதித்தல்

ஆளைப் படுக்க வைக்கும் முன்பே ஒரு சோதனை செய்யலாம். கருவியோடு வரும் நீர்க் குடுவை பேண்டத்தை (சோதனைப் பொருளை) வைத்து, கருவியின் போலி இ.சி.ஜி.யை ஓட்டி, அதே டேகிங் வரிசையை எடுத்து அதே மென்பொருளில் போடுங்கள். அசையாத பொருளில் திரிபு பூஜ்யமாக வர வேண்டும். வராவிட்டால் வரும் எண்தான் உங்கள் முறையின் அடிப்படைப் பிழை.

பிறகு சில தன்னார்வலர்களையாவது ஸ்கேன் முடிந்ததும் எழுந்து நடக்கச் சொல்லி, நெஞ்சின் மேல் வைக்கும் காயிலையும் (குறிகையை வாங்கும் சுருளையும்) எலெக்ட்ரோடுகளையும் புதிதாக வைத்து, தளங்களையும் புதிதாக அமைத்து மறுபடி எடுக்க வேண்டும். மேசையில் படுத்தபடியே இரண்டாவது முறை எடுப்பதில் தளம் அமைக்கும் பிழை வெளியே வராது. ஒரே படத்தை ஒரே ஆள் சில வாரம் கழித்தும், வேறொருவர் முதல் முடிவைப் பார்க்காமலும் அளக்கட்டும். இரு அளவுகளின் வேறுபாட்டைச் சராசரிக்கு எதிரே வரையும் பிளாண்ட்–ஆல்ட்மன் வரைபடத்தை ஒவ்வோர் அளவுக்கும் போடுங்கள். ஒட்டுறவுக் கெழு 0.9 என்று மட்டும் எழுதினால், ஒருவர் எப்போதுமே மற்றவரைவிட 3 சதவீதம் கூடுதலாக அளக்கிறார் என்பது அதில் மறைந்துவிடும்.

அறிக்கையில் காந்தப்புலத்தின் வலிமை, கருவியின் தயாரிப்பாளர், வரிசையின் பெயர், உண்மையான நேரப் பிரிதிறன், கோட்டு இடைவெளி, மென்பொருளின் பதிப்பு எண், திரிபின் வரையறை, ஸ்கேன் நேரத்து நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவை இருக்க வேண்டும். படக் கோப்புகளின் தலைப்பில் பெயரும் பிறந்த தேதியும் ஒட்டியிருக்கும். கணினியை விட்டு வெளியே போகும் முன் அவற்றை நீக்குங்கள்.

நலமானவர் என்று சேர்த்தவரின் படத்திலும் எதிர்பாராதது தென்படும்: சுவர் ஓரிடத்தில் தடித்திருக்கலாம், நுரையீரலிலோ கல்லீரலிலோ ஒரு புள்ளி இருக்கலாம். அப்படி ஒன்று தெரிந்தால் யார் அதைப் பார்த்து உறுதி செய்வது, எத்தனை நாளுக்குள் சொல்வது, எந்த வெளிநோயாளர் பிரிவுக்கு அனுப்புவது என்பதையெல்லாம் ஒப்புதல் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். டெக்னீஷியன் மேசையருகே நின்று முகக் குறிப்பாலோ அரைச் சொல்லாலோ எதையும் உணர்த்திவிடக் கூடாது. கதிரியல் மருத்துவர் முழுப் படத்தையும் பார்த்த பிறகு, அவரோ ஆய்வுப் பொறுப்பாளரோ நேரில் அழைத்து உட்கார வைத்துச் சொல்ல வேண்டும், கையில் ஒரு பரிந்துரைக் கடிதமும் கொடுத்து அனுப்ப வேண்டும்.